அப்பாவின் தலைமுடியும் வளரக் கூடாத செல்களும்

1

அண்ணாமலையார் கோயிலில் அப்பாவுக்கு மொட்டை போட்ட அன்றைக்குக் கூட இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா இருந்தாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கை பிரியா இருந்தாள். கத்தியோடு முடி எடுப்பவர் இருந்தார். அப்பாவும் இருந்தார்தான். ஆனால் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவான காரியம் என்பதால், அவரை இருந்தவர் பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. பெரிய மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று அவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆள் வந்துவிட்டதால் வரவில்லை. யாருக்காக அந்த மொட்டையோ அவனும் வரவில்லை. அவன் நெதர்லாந்தில், லைடன் என்ற ஊரில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன்தான் நான். இந்த வாரத்தோடு இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம் முடிகிறது. வருஷம் முடிகிற சமயத்தில் ஏதாவது எழுதி அனுப்பு என்று ஊர் நண்பர்கள் கேட்பார்கள். போன வருஷம் பனியைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தின வருஷம் சைக்கிளைப் பற்றி. இந்த வருஷம் எழுத அப்பாவின் தலை இருக்கிறது.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். இரண்டு ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அதை முழுசாக முடித்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் பிரியா படித்து, இப்போது வேங்கிக்காலில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள்.

நான் செய்வது எலும்புச் செல்களைப் பற்றிய ஆராய்ச்சி. தட்டில் செல்களை வளர்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவற்றுக்குச் சத்துநீர் மாற்ற வேண்டும். வந்த புதிதில் இதை அம்மாவிடம் 'சோறு போடறது' என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவின் முதல் கேள்வி, "சாப்டியா?" இரண்டாவது கேள்வி, "அதுங்களுக்குப் போட்டியா?" கல்யாணம் ஆகாத பையனுக்கு வாய்த்த பிள்ளை குட்டிகள் என்று அவள் அவற்றை எடுத்துக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் ஒரு பூஞ்சை வந்து என் செல்கள் அத்தனையும் செத்துப் போயின. இரண்டு மாத வேலை போச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சரியாகப் பேசவில்லை. அம்மா அன்றைக்கே அண்ணாமலையாரிடம் பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. மாசி மாதம் புதுச் செல்கள் நன்றாகப் பிடித்து வளர்ந்தன. எந்தச் சோதனைக்கும் முதலில் போதிய செல்கள் வேண்டும், அதனால் எனக்குச் சந்தோஷம். "நல்லா வளருதும்மா" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிரியாவின் வீடியோ கால்.

"அண்ணா, அப்பாவைப் பாரு" என்றாள்.

திரையில் அப்பா. பாதித் தலையில் முடி இல்லை. மீதிப் பாதியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? எதுக்கு வேண்டுதல்?"

"உன் செல்லு வளரணும்னுதான்" என்றாள் அம்மா. "வளந்தா உங்கப்பா முடியைத் தரேன்னு வேண்டிக்கினேன். வளந்துடுச்சில்ல?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் படித்தவன் ஆயிற்றே, திருத்தாமல் விடுவேனா. "அது வளரவே கூடாதும்மா" என்றேன்.

முடி எடுப்பவரின் கை நின்றது.

"இன்னாடா சொல்ற?" என்றார் அப்பா.

"அது கேன்சர் செல்லுப்பா. எலும்புல வர்ற கேன்சர். அது வளர்றதை எப்படி நிறுத்தறதுன்னு பாக்கத்தான் எனக்கு சம்பளம் குடுக்கறாங்க."

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மே, கேன்சர் நல்லா வளரணும்னா என் முடியைக் குடுத்த?"

"எனக்கு இன்னா தெரியும்? போன் பண்றப்பல்லாம் நல்லா வளருதும்மா, நல்லா வளருதும்மான்னு பல்லைக் காட்டினது யாரு? அவனைக் கேளுங்க."

"என்னைக் கேட்டியா நீ? என் தலைதானே?"

"உங்களைக் கேட்டா குடுப்பீங்களா?"

முடி எடுப்பவர் பொறுமையான மனிதர். "அய்யா, மீதியை எடுக்கட்டா, விட்டுடட்டா? விட்டா பாக்கறதுக்கு நல்லா இருக்காது" என்றார்.

"எடுங்க" என்றார் அப்பா. "பாதியில நிறுத்தி நான் எப்படி பஸ் ஏறுவேன்?"

அம்மாவின் வாதம் எளிமையானது. கேட்டது நடந்தது. நடந்தால் கொடுக்க வேண்டும். கேட்டது சரியா தப்பா என்பது வேறு விஷயம். அப்பாவின் தலையில் சந்தனம் பூசியபோது அவர் போனைப் பார்த்து, "அடுத்த தபா நீ என்ன வளக்கறன்னு முதல்ல என்கிட்ட சொல்லு" என்றார். நான் தாழ்வாரத்தில் நின்று சிரித்த சத்தத்துக்கு இரண்டு கதவுகள் திறந்து மூடின.

2

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்குப் போன பிறகு அம்மா திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை விளக்கம் முழுசாகச் சொல்லியாக வேண்டும் என்றாள். அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எலும்பு என்றால் நாம் ஏதோ கல் மாதிரி நினைக்கிறோம். அதைக் கட்டுவது செல்கள். அந்தச் செல்களுக்குச் சின்ன வயசு என்று ஒரு பருவம் இருக்கிறது. அப்போது அவற்றுக்கு ஒரே வேலை, பெருகுவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். பிறகு ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கும். வலை மாதிரி ஒன்றைப் பின்னி, அதில் சுண்ணாம்புச் சத்தைப் படிய வைக்கும். அதுதான் எலும்பு. சில செல்கள் தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து கடைசி வரை அங்கேயே குடியிருக்கும். எலும்புப் புற்றில் இந்தக் கதை நடுவில் நின்றுவிடுகிறது. செல் சின்ன வயசைத் தாண்டுவதில்லை. வேலைக்குப் போகாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது.

அப்பாவுக்கு வேறு மாதிரி சொன்னேன். "ஒரு வருஷம் நம்ம மேலக்கொல்லையில மல்லாட்டைச் செடி மதமதன்னு வளந்து, புடுங்கிப் பாத்தா காயே இல்லையே, ஞாபகம் இருக்காப்பா? அது மாதிரி."

"ஜிப்சம் போட்டியா?" என்றார் அப்பா உடனே.

ஜிப்சம் என்பது காய் பிடிக்கச் சுண்ணாம்புச் சத்துக்காக மல்லாட்டைக்குப் போடுவது. நாங்கள் செல்களுக்குப் போடுவதும் ஏறக்குறைய அதே குடும்பத்துச் சரக்குதான். "போட்டேம்பா" என்றேன். "அப்போ புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். என் ஆய்வை அவ்வளவு சுருக்கமாகத் தேறியதாக யாரும் அறிவித்ததில்லை.

அம்மா போகவில்லை. "அது யாரோட செல்லு?" என்று கேட்டாள்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு கால்லேருந்து எடுத்தது. இந்த கேன்சர் வளர்ற வயசுப் பசங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும். முட்டிக்குப் பக்கத்துல."

"அந்தப் பொண்ணு?"

"தெரியாதும்மா. பேர் கூட யாருக்கும் தெரியாது."

'பேர் கூடவா' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "சரி, நீ எதுனா சாப்புடு" என்று வைத்துவிட்டாள்.

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. என் வேலை ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. அந்தப் புற்றுச் செல்களில் ஒரு ஜீனை, அதாவது மரபணுவை, வேலை செய்யாதபடி அடைத்துவிட்டால் அவை பெருகுவதைக் குறைத்துக்கொண்டு எலும்பு கட்ட ஆரம்பிக்கின்றன என்பது நான் கண்டது. மூன்று வாரம் சத்துநீர் மாற்றிவிட்டு ஒரு சாயத்தை ஊற்றினால், சுண்ணாம்பு படிந்த இடமெல்லாம் குங்குமச் சிவப்பாக மாறும். என் தட்டுகள் ஒவ்வொரு முறையும் சிவந்தன. பேராசிரியர் எலன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் நாக்கு எழவில்லை. அவர் என்னைப் பார்க்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று கனைப்பேன்.

"அழகாக இருக்கிறது" என்றார் எலன். "இனி இதை இன்னொருவர் செய்ய வேண்டும். ஹன்னா செய்யட்டும். அவள் கையில் வந்தால் கட்டுரையாக அனுப்பலாம், உன் ஒப்பந்தத்தை நீட்டவும் கேட்கலாம். வராவிட்டால் நம்மிடம் எதுவும் இல்லை."

நம் ஊரில் ஒருவர் கையில் ஒரு காரியம் கூடி வந்தால் கைராசி என்போம். கைராசி உள்ளவரைத்தான் விதைக்கக் கூப்பிடுவோம், கடை திறந்தால் முதல் வியாபாரம் அவரிடம்தான். இங்கே கைராசி என்பது ஒரு நோய். ஒரே ஆள் கையில் மட்டும் வருகிற விடையை யாரும் விடையென்று ஏற்க மாட்டார்கள். முதலில் எனக்கு இது அவமானமாக இருந்தது. யோசிக்க யோசிக்க நியாயம் என்று பட்டது. ஏதோ ஒரு ஊரில் முட்டி வீங்கிய ஒரு பையனுக்கு வைத்தியம் செய்ய என் கை அங்கே போகப் போவதில்லை.

3

ஹன்னா இந்த ஊர்ப் பெண். என்னைவிட ஒரு தலை உயரம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி செய்கிறவள். நான் எழுதிக் கொடுத்த செய்முறையை வரிவரியாகப் பின்பற்றி மூன்று வாரம் செல்களை வளர்த்துச் சாயம் ஊற்றினாள். தட்டு வெறும் கண்ணாடியாகக் கிடந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் கண்ணாடி.

"நான் எங்கேயோ தப்பு செய்கிறேன்" என்றாள் ஹன்னா.

"இல்லை, நான்தான் எங்கேயோ தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்றேன். மரியாதைக்குச் சொன்னேன். வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது அது மரியாதையில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். நான் இத்தனை நாள் பார்த்தது பொய் என்றால் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். ஒப்பந்தம் நீளாவிட்டால் எத்தனை நாள் தங்க விடுவார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. போனில் நேரம் கொடுத்த பெண்மணி டச்சு மொழியில் 'பாதி மூன்று' என்றார். நான் சரியாக மூன்றரைக்கு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். இந்த ஊரில் பாதி மூன்று என்றால் மூன்று ஆக இன்னும் பாதி மணி பாக்கி, அதாவது இரண்டரை. மூன்று வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறீர்களா என்று என் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நாட்காட்டியின் பக்கம் திரும்பினார். அடுத்த நேரம் மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. அதற்குப் போனபோது அவர் தந்த பதில் இரண்டு வரி. வேலை முடிந்தால் கொஞ்ச காலம் வேறு வேலை தேடலாம். கிடைக்காவிட்டால் புறப்பட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. குரலிலேயே பிடித்துவிடுவாள். "ஹன்னான்னு ஒரு பொண்ணு செஞ்சு பாக்குதும்மா. அது கையில வரல. வந்தாதான் எனக்கு இங்க வேலை" என்றேன்.

"வரலன்னா? செல்லு வளருதா, நிக்குதா?"

"வளந்துகினே இருக்கு."

அவள் எழுந்து விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "நான் வேண்டினதாலயாடா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வளரணும்னு நான்தான கேட்டேன். மொட்டையும் போட்டு முடிச்சாச்சு. அது அங்க இன்னும் நடந்துகினு இருக்குதோ இன்னாவோ."

"அப்படிலாம் இல்லம்மா. அது வேற எதுனா காரணம் இருக்கும்."

"இன்னா காரணம், சொல்லு?"

என்னிடம் காரணம் இல்லை. இல்லை என்பதுதான் மூன்று மாதமாக என் பிரச்சினையே.

அந்த ஆனி பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் கிளம்பினாள். கூடப் போன பிரியா மறுநாள் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி எனக்குச் சொன்னாள். மற்றவர்கள் மலைப் பாதையில் வருகிற ஒவ்வொரு லிங்கத்துக்கும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருக்க, அம்மா எட்டு லிங்கத்திடமும் நின்று நிதானமாகத் திருத்தம் சொல்லியிருக்கிறாள்.

"இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சிச்சுண்ணா. 'போன தபா வளரணும்னு கேட்டது தெரியாம கேட்டது, அதை விட்டுடு. இப்போ நிக்கணும். நின்னு எலும்பாவணும்'னு. பின்னாடி வரவங்கல்லாம் மொறைக்கறாங்க."

"எட்டு இடத்துலயும் அதேவா?"

"எம லிங்கத்துல மட்டும் ஜாஸ்தி நேரம். 'நிக்கணும்னு சொன்னது கேன்சர் செல்லை மட்டும்தான், என் புள்ளையைச் சொல்லல, அவன் அப்பாவையும் சொல்லல, ஹன்னாங்கற பொண்ணையும் சொல்லல'ன்னு ஒவ்வொரு பேரா சொல்லி விலக்கிச்சு. பொதுவா சொன்னா அங்க ஆபத்துன்னு அதுக்குத் தோணிடுச்சு போல. அப்புறம் கடைசி ஈசானிய லிங்கத்துல கால்ல செல்லு எடுத்தாங்களே, அந்தப் பொண்ணுக்கும் ஒரு கற்பூரம் ஏத்துச்சு. பேர் தெரியாததால ஊர் தெரியாத பொண்ணுன்னு சொல்லிச்சு."

"புதுசா எதுனா வேண்டிக்கிச்சா?"

"வேண்டிக்கிச்சு. சொல்ல மாட்டேங்குது. அப்பா பயந்துபோய் இப்பவே தலைக்கு எண்ணெய் வச்சி தடவிகினு இருக்காரு."

4

மறு வாரம் ஹன்னா வந்து, "நீ செய்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்றாள். தப்பைக் கண்டுபிடிக்க அல்ல, கையைப் பார்க்க என்றாள். எனக்கும் அதைவிட நல்ல யோசனை இல்லை.

தட்டை எடுத்தேன். சத்துநீர் பழசாகிக் கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. உறிஞ்சினேன். புதுசை ஊற்றினேன். தட்டில் இருந்த அடுத்த குழிக்குப் போனேன்.

"இரு" என்றாள் ஹன்னா. "ஏன் பாதியில் நிறுத்தினாய்?"

"எதை?"

"பழசைப் பாதிதான் எடுத்தாய். மீதி அதிலேயே இருக்கிறது. அதன் மேலேயே புதுசை ஊற்றுகிறாய்."

"ஆமாம். அப்படித்தானே மாற்றுவது?"

"நீ எழுதிக் கொடுத்ததில் 'சத்துநீரை மாற்றவும்' என்று இருந்தது. நான் மொத்தத்தையும் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன்."

"மொத்தத்தையுமா?" என்றேன். என் குரலில் ஹன்னாவுக்கு என்ன கேட்டதோ, அவள் சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டில் அரை அண்டா சாம்பாரைச் சாக்கடையில் கொட்டியதைப் பார்த்தவன் மாதிரி இருந்தாய் என்று பிறகு அவள் பாணியில் சொன்னாள். அவள் பாணியில் சாம்பாருக்குப் பதில் சூப்.

விஷயம் இவ்வளவுதான். ஊரில் நான் முதுகலை படித்த கல்லூரியில் ஒரு பாட்டில் சத்துநீரை வைத்து ஒரு வகுப்பே ஒரு பருவம் ஓட்ட வேண்டும். ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே எல்லோரும் பாதி எடுத்துப் பாதி ஊற்றுவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுவைத்து அதன் மேல் புது மாவை ஊற்றுகிற வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது பாடமாகவே தெரியாது. இங்கே வந்த பிறகு குளிரறையில் பாட்டில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கை மட்டும் பழைய கையாகவே இருந்திருக்கிறது. செய்முறை எழுதும்போது அதை ஒரு படி என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்டேன் என்று எழுதுகிறவன் கை கழுவினேன் என்று சேர்த்தா எழுதுவான்?

எலனிடம் போனோம். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"செல்கள் தாங்கள் இருக்கும் நீரில் எதையாவது சுரந்துகொண்டே இருக்கும்" என்றார். "ஒன்றுக்கு ஒன்று சேதி அனுப்புகிற மாதிரி. ஜீனை அடைத்த செல்கள் 'போதும், இனி எலும்பு கட்டலாம்' என்று சேதி அனுப்புகின்றனவோ என்னவோ. ஹன்னா அதை இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டிக் கழுவிவிட்டாள். நீ பாதியை மிச்சம் பிடித்தாய்."

"அப்படியென்றால் நான் பார்த்தது உண்மையா?"

"அப்படியென்றால், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அர்த்தம். இந்த முறை நீ தட்டைத் தொடக் கூடாது."

ஹன்னா எல்லாவற்றையும் செய்ய வேண்டும். சில தட்டுகளில் முழுசாக மாற்ற வேண்டும், சிலவற்றில் பாதி. ஜீனை அடைக்காத செல்களுக்கும் பாதி மாற்றிப் பார்க்க வேண்டும், அவை சிவந்துவிட்டால் என் ஜீனுக்கு இதில் வேலையே இல்லை என்று ஆகிவிடும். சாயம் ஊற்றும் நாளில் எந்தத் தட்டு எது என்று ஹன்னாவுக்கே தெரியாதபடி, வேறொரு மாணவர் தட்டுகளுக்கு எண் போட்டு மாற்றி வைக்க வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை, சும்மா இருப்பது. வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஹன்னா அந்த அறைக்குள் போவாள், நான் வெளியே கண்ணாடிக் கதவுக்கு அருகில் ஏதோ வேலை இருப்பதுபோல நடப்பேன்.

"உன் பிள்ளைகள் நலம்" என்று ஒருநாள் வெளியே வந்து சொன்னாள். யாரோ அம்மாவைப் பற்றி அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

5

ஆவணி பிறந்து சில நாளில் சாயம் ஊற்றினார்கள். ஹன்னா ஊற்றினாள். எலன் பின்னால் நின்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். சாயத்தை அலசிக் கொட்டியதும் தட்டுகளை வரிசையாக வெள்ளைத் தாளில் வைத்தாள். சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் சிவப்பு, தெளித்த மாதிரி இல்லை, அப்பிய மாதிரி.

எண் போட்ட மாணவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சிவந்த தட்டுகள் எல்லாம் ஜீனை அடைத்து, பாதி மாற்றியவை. ஜீனை அடைக்காதவை பாதி மாற்றியும் வெறுமையாகவே இருந்தன. முழுசாக மாற்றியவையும் வெறுமை. ஒன்று கூட இடம் மாறவில்லை.

எலன் என் பக்கம் திரும்பி, "இனிமேல் உன் கை வேண்டாம்" என்றார். என் ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. ஒப்பந்தம் நீண்டது. செய்முறையில் 'பாதி' என்ற சொல்லை ஹன்னாவே சேர்த்து எழுதினாள், அடியில் கோடு போட்டு.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஹன்னா கையில வந்துடுச்சும்மா."

"வளர்றது நின்னுச்சா?"

"கம்மியாயிடுச்சு. நின்ன மாதிரிதான்."

"எலும்பாச்சா?"

"ஆச்சு."

"அப்போ அந்த மாதிரி பசங்களுக்கு சரியாயிடுமா?"

இதற்கு மட்டும் நல்ல சேதி சொல்லிவிட ஆசையாக இருந்தது. "இது தட்டுலதாம்மா. ஆளுக்கு மருந்தா வர இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. வராமலும் போகலாம்" என்றேன்.

"போயிகினே இரு" என்றாள். "ஐப்பசியில லீவு போட்டு வா. வேண்டுதல் பாக்கி இருக்கு."

6

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், அதே இடத்துக்கு நாலு பேரும் போனோம். அப்பாவுக்கு முடி திரும்ப முளைத்திருந்தது. முன்னைவிட வெள்ளை ஜாஸ்தி. முடி எடுப்பவரைத் தூரத்தில் பார்த்ததுமே தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். நான் என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். லண்டனுக்குப் போய்விட்ட என் மாமா மகன் ஒருவன் மாதிரி நீளமாக வளர்த்திருந்தேன், போனால் போகட்டும் என்று தயாராகத்தான் வந்திருந்தேன்.

அம்மா நேராகப் போய் மணையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"நீ ஏம்மா?" என்றேன். பதறிவிட்டது. "என்னுதைக் குடுக்கறேன். எனக்காகத்தானே?"

"தப்பா கேட்டது நான். ஒருத்தர் முடியைக் கேக்காம குடுத்ததும் நான். இன்னும் எத்தினி பேர் தலையை வச்சி நான் வாக்குக் குடுப்பேன்? இந்த தபா என்னுதுன்னு அன்னிக்கு மலை சுத்தறப்பவே சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். பிறகு முடி எடுப்பவரிடம், "எடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

பிரியா இந்த முறை போனை எடுக்கவில்லை. போனில் பார்க்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. அம்மாவின் முடி இடுப்பு வரை இருக்கும். எனக்கு நினைவு தெரிந்து அதில் கத்தரி பட்டதில்லை.

அப்பாதான் காப்பாற்றினார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முடி எடுப்பவரிடம், "நல்லா மழமழன்னு எடுங்க. அவளுக்கு எதுவும் பாதியில நின்னா புடிக்காது" என்றார். அம்மா குனிந்த தலையை நிமிர்த்தாமல், "வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்றாள். பிரியா சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

சந்தனம் பூசியதும் அம்மா என்னிடம் திரும்பி, "எப்படிடா இருக்கேன்?" என்றாள். சின்னப் பெண் மாதிரி இருந்தாள். அப்படியே சொன்னேன். "ஆமா, நீ சொல்லு" என்று புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். ஆனால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுக்காரம்மா என்ன வேண்டுதல் என்று கேட்டபோது தலைப்பைத் தானே எடுத்துவிட்டு, முதல் மொட்டையிலிருந்து ஆரம்பித்தாள். சோமாசிபாடி தாண்டியும் கதை முடியவில்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். இன்னாப்பா என்றேன். செலவு பார்க்கிறாராம். முடி எடுக்கக் கோயிலில் கட்டணம் இல்லை. எடுத்தவர் கையில் இரண்டு தடவை கொடுத்தது, இரண்டு தடவை சந்தனம், போக வர பஸ், எட்டு லிங்கத்துக்கும் ஈசானியத்தில் கூட ஒன்றும் சேர்த்து ஏற்றிய கற்பூரம், பிரியாவின் கால் வலிக்கு வாங்கிய தைலம், இன்றைக்கு நாலு பேருக்குப் பூரி. என் விமான டிக்கெட்டையும் சேருங்கள் என்றேன். அது நீ அம்மா சோறு சாப்பிட வந்த செலவு, இதில் வராது என்றார். கேன்சர் ஆராய்ச்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது, அப்பா கணக்குப்படி, மொத்தம் ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.